வாயிலைக் காக்கும் காமிரா

மும்பையில், செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கூட்டுறவுக் கட்டடம் நான்கு மாடிகளும் 32 வீடுகளும் கொண்டது. பாதி வீடுகளில் தமிழ் ஒலிக்கும். எஞ்சியவற்றில் மராத்தியும் குஜராத்தியும் மலையாளமும் ஒலிக்கும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூன் மாதத்தில், தரைத்தளத்துக் குடும்பத்தினர் திருநெல்வேலிக்கு ஒரு திருமணத்திற்காகச் சென்றிருந்த சமயம், அவர்கள் வீட்டின் பின்கதவு உடைக்கப்பட்டது. நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களும் களவு போயின. முதல் மாடியிலிருந்த முதியவர் ஒருவர் ஓசை கேட்டுக் கண்விழித்துக் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். மணி இரண்டு பத்து. பூனையாக இருக்கும் என்று எண்ணி மறுபடியும் படுத்துவிட்டார்.

மறுநாள் காமிராப் பதிவை ஓட்டிப் பார்த்தோம். இரண்டு பத்துக்கு வாயிற்காவலரின் நாற்காலி காலியாகக் கிடந்தது. அவர் பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர்; நம்மைப் போலவே பிறமாநிலத்தில் வாழ்பவர். "மோட்டார் போடப் போயிருந்தேன்" என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நகராட்சித் தண்ணீர் எங்கள் தொட்டிக்கு ஒன்றேகால் மணிக்கு வருவது எல்லாருக்கும் தெரியும். இரண்டு பத்துக்கு மோட்டார் அறையில் இவருக்கு என்ன வேலை என்று கேட்டோம். அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நீக்கினோம். மூன்று வாரம் சென்றபின், கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவன் வேறு காரியமாகப் பதிவுக் கருவியைத் திறந்தபோது, அதன் கடிகாரம் ஐம்பது நிமிடம் முந்தி ஓடுவதைக் கண்டான். படத்தில் இரண்டு பத்து என்று காட்டிய நேரம் மெய்யாகவே ஒன்று இருபதுதான். அப்போது அவர் மோட்டார் அறையில்தான் இருந்தார். மெய்யான இரண்டு பத்தின் படம், கருவியின் கணக்கில் மூன்று மணி என்ற முத்திரையுடன் கிடந்தது. அதில் அவர் தம் நாற்காலியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கள்வன் வந்ததோ பின்மதில் வழியே. அங்கே காமிராவே இல்லை.

அந்தக் கருவிகளை வாங்கிய குழுவில் நாமும் ஒருவராக இருந்தோம். ஆறு காமிராக்கள், ஒரு பதிவுக் கருவி, ஓராண்டுப் பொறுப்பு என்று விலைச்சீட்டில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. விற்றவர் பொருத்திவிட்டுப் போனார். நாம் கேட்கவேண்டியவற்றைக் கேட்கவில்லை. பின்னர் புதிதாக ஓர் அமைப்பை நிறுவ முற்பட்டபோது, சென்ற முறை கேளாதவற்றையெல்லாம் கேட்டும் படித்தும் அறிந்தோம். தில்லியிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் இதே வகைக் கட்டடங்களில் வாழ்ந்து, இதே வகைக் குழுக்களில் அமர்ந்திருக்கும் நேயர்களுக்கு அவை பயன்படக்கூடும்.

வலைப்பின்னலோடு இணைந்த காமிராவின் வரலாறு நீண்டதன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி ஆய்வகத்தில், வேறு அறையிலிருந்த காப்பிப் பாத்திரத்தில் காப்பி மீதமிருக்கிறதா என்பதை எழுந்து போகாமலே தெரிந்துகொள்ள விரும்பிய சிலர், 1991-ஆம் ஆண்டில் அதன்முன் ஒரு காமிராவை நிறுத்தி, படத்தைத் தம் கணிப்பொறிகளுக்கு வரச்செய்தனர். 1993-இல் அப்படம் இணையத்தில் ஏறிற்று. சோம்பல் பல கருவிகளுக்குத் தாய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. 1996-இல் சுவீடன் நாட்டின் ஆக்சிஸ் நிறுவனம், கணிப்பொறியின் துணையின்றித் தானே வலைப்பின்னலில் இணையும் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பழைய வகைக் காமிரா, தான் கண்டதை மின்னலைகளாகத் தனிக் கம்பியொன்றில் பதிவுக் கருவிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். புதிய வகையோ தன்னுள்ளேயே ஒரு சிறு கணிப்பொறியைக் கொண்டது. படத்தை எண்களாக்கிச் சுருக்கி, முகவரியிட்ட கடிதம்போல வலைப்பின்னலில் அனுப்புகிறது. அதற்குரிய முகவரியையே ஐ.பி. முகவரி என்கிறோம். கடைக்காரர் "ஐ.பி. 66" என்று சொன்னால் அது வேறு, தூசியும் மழைநீரும் உட்புகாத பெட்டி என்பதற்கான தர எண் அது. இரண்டையும் குழப்பிக்கொண்டு எங்கள் குழுவில் அரைமணி நேரம் வாதாடியவர்கள் உண்டு.

இனி, எதை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால், எதைப் பார்ப்பது என்ற கேள்வி நிற்கிறது. ஒரு பெரிய தாளில் கட்டடத்தின் தரைப்படத்தை வரைந்துகொள்ள வேண்டும். மனிதர் நுழையக்கூடிய இடங்கள், வண்டிகள் நிற்கும் இடங்கள், மின்மீட்டர் அறை, தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடிக் கதவு, பின்மதில் ஆகிய ஒவ்வொன்றையும் குறித்து, "இங்கே நமக்குத் தெரியவேண்டுவது யாது?" என்று எழுத வேண்டும். யாரோ வந்தார் என்று தெரிந்தால் போதுமா? வந்தவர் நமக்குப் பழகியவர் என்று கண்டுகொள்ள வேண்டுமா? அல்லது, முன்பின் அறியாதவரின் முகத்தைக் காவல்துறையிடம் காட்டக்கூடிய தெளிவு வேண்டுமா? இம்மூன்றும் மூன்று வேறு தேவைகள். ஒரே காமிரா மூன்றையும் செய்துவிடும் என்று சொல்பவரை நம்பவேண்டாம்.

இதற்கு அளவுகோல் உண்டு. காமிரா தரும் படம் எண்ணற்ற சிறு புள்ளிகளால் ஆனது. காட்சியில் ஒரு மீட்டர் அகலத்தை எத்தனை புள்ளிகள் நிரப்புகின்றன என்பதே கணக்கு. மீட்டருக்கு 25 புள்ளிகள் இருந்தால் ஆள் ஒருவர் இருப்பதை அறியலாம். 125 இருந்தால் பழகியவரை இன்னாரென்று கண்டுகொள்ளலாம். அறிமுகமில்லாத ஒருவரை ஐயமின்றி அடையாளங் காண 250 வேண்டும். இவை ஐரோப்பியத் தரவிதிகளில் வகுக்கப்பட்டு உலகெங்கும் எடுத்தாளப்படும் எண்கள்.

இதைக் கொண்டு நாமே கணக்கிடலாம். இரண்டு மெகாபிக்சல் காமிராவின் படம் குறுக்கே 1,920 புள்ளிகள் கொண்டது. அதை 250-ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஏழரை மீட்டர். ஆகவே அக்காமிரா ஏழரை மீட்டருக்கு மேற்பட்ட அகலத்தைக் காட்டும் தூரத்தில், அயலார் முகத்தை அடையாளங் காட்டாது. அந்த அகலம் எவ்வளவு தொலைவில் அமையும் என்பது லென்ஸைப் பொறுத்தது. கடைகளில் மிகுதியாக விற்கும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் அகன்ற பார்வையுடையது. ஏறத்தாழ நாலு மீட்டர் தொலைவிலேயே அந்த எல்லை முடிந்துவிடும். அதே காமிராவில் 6 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால் பார்வை குறுகும். ஆனால் எட்டு மீட்டர் வரை முகம் தெளியும். எங்கள் பழைய வாயிற் காமிரா 2.8 மில்லிமீட்டர் லென்ஸுடன் வாயிலிலிருந்து பன்னிரண்டு மீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. தெருவும் மரமும் எதிர்க்கடைப் பலகையும் அழகாகத் தெரிந்தன. வருபவர் முகம் மட்டும் வெள்ளரிப் பிஞ்சின் நுனிபோலத் தெரிந்தது. பொதுக்குழுவில் காட்டியபோது, "எவ்வளவு பரந்த காட்சி!" என்று எல்லாரும் மெச்சினார்கள். மெச்சியவர்களில் நாமும் உண்டு.

மெகாபிக்சலைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். ஓரளவு உதவும், எட்டு மெகாபிக்சல் காமிராவில் குறுக்கே 3,840 புள்ளிகள் உண்டு. ஆயினும் அத்தனை புள்ளிகளும் ஒரே சிறு உணர்தகட்டில் நெருக்கப்படுவதால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி குறையும். இரவில் படம் மங்கும். சேமிப்பிடமும் பெருகும். வாயிலுக்குக் குறுகிய பார்வையுள்ள ஒன்றையும், முற்றத்திற்கு அகன்ற பார்வையுள்ள ஒன்றையும் தனித்தனியே வைப்பதே நம் கருத்தில் சிறந்தது.

பொருத்தும் உயரமும் முக்கியம். கைக்கெட்டாமல் இருக்கட்டுமென்று ஐந்து மீட்டர் உயரத்தில் வைத்தால் தொப்பியும் வழுக்கையும் பதிவாகும், முகம் பதிவாகாது. முகத்துக்கென்று வைக்கும் காமிரா இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரத்திற்குள் இருக்கவேண்டும். அதை யாராவது திருப்பிவிடாமல், அதையே பார்க்கும்படி மற்றொரு காமிராவை உயரத்தில் வைக்கலாம்.

ஒளியைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறவேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான். கிழக்கு நோக்கிய வாயிலில், காலை வெயில் பின்னாலிருந்து வீச, உள்ளே வருபவர் வெறும் நிழலுருவாகவே தெரிவார். இதைச் சமாளிக்க டபிள்யூ.டி.ஆர். என்னும் வசதியுண்டு, ஒரே காட்சியை மிகுந்த ஒளிக்கும் குறைந்த ஒளிக்கும் தனித்தனியே எடுத்து இணைக்கும் முறை அது. மென்பொருள் தந்திரத்தால் ஒப்பேற்றும் மலிவான வகையும் இதே பெயரில் விலைபோகிறது. காலை ஏழு மணிக்கு நம் வாயிலிலேயே பிடித்துக்காட்டச் சொன்னால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

இரவிலோ, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைக் காமிராவே வீசிக்கொள்கிறது. 850 நானோமீட்டர் ஒளியானால் விளக்கருகில் மங்கிய செந்நிறம் தெரியும். 940 நானோமீட்டரில் அதுவும் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறையும். பக்கச் சுவரோ தூணோ அருகிலிருந்தால் இவ்வொளி அதன்மேல் பட்டுத் திரும்பி, படம் முழுதும் பால்போல வெளுத்துவிடும். மழைக்காலத்தில் சிலந்திகள் காமிராவின் முன்னே வலை பின்னும். இரவில் அவ்வலை வெள்ளிக் கயிறுகளாகத் திரையை மறைக்கும். இதற்கு மருந்து எதுவுமில்லை. மாதம் இருமுறை நீண்ட கம்பில் கட்டிய துணியே மருந்து. முடிந்த இடத்தில் ஓர் எளிய விளக்கை இரவெல்லாம் எரியவிடுவது, விலையுயர்ந்த காமிராவைவிட நல்ல பயன் தரும். அப்படி விளக்கிருந்தால் சட்டையின் நிறமும் பதிவாகும். அகச்சிவப்புப் படம் கறுப்பு வெள்ளைதான்.

வண்டிகளின் எண்பலகை தனிக்கலை. முன்விளக்கின் கண்கூசும் ஒளியில், ஓடும் வண்டியின் எண்ணைப் பொதுக் காமிரா பிடிக்காது. அது வேண்டுமானால் அதற்கென்றே ஒன்று வைக்கவேண்டும். வேண்டாமெனில் காவலரின் பேரேடே போதும்.

கம்பியைப் பற்றி இனிச் சொல்வோம். வலைப்பின்னல் காமிராவின் பெரிய வசதி, படமும் மின்சாரமும் ஒரே கம்பியில் செல்வது. பி.ஓ.இ. எனப்படும் இம்முறைக்கு 2003-ஆம் ஆண்டில் தரவிதி வகுக்கப்பட்டது. அதன்படி சுவிட்ச் பெட்டியின் ஒவ்வொரு வாயிலும் 15.4 வாட் வரை கொடுக்கும். சாதாரணக் காமிராவுக்கு இது மிகுதி. 2009-இல் வந்த அடுத்த விதி 30 வாட் வரை அனுமதிக்கிறது. திரும்பியும் நெருங்கியும் பார்க்கும் பெரிய காமிராக்களுக்கு அது வேண்டும். சுவிட்ச் பெட்டி வாங்கும்போது ஒவ்வொரு வாயிலின் அளவோடு எல்லா வாயில்களுக்கும் சேர்த்த மொத்த வாட் அளவையும் கேட்கவேண்டும். எட்டு வாயில் இருந்தும், மொத்தத்தில் நாலு காமிராவைத் தாங்கும் பெட்டிகளும் சந்தையில் உண்டு.

கம்பியின் நீளம் ஒரே ஓட்டத்தில் 100 மீட்டருக்கு மேற்படக்கூடாது. அதற்கு மேல் வேண்டுமெனில் நடுவே ஒரு சுவிட்ச் வைக்கவேண்டும். அல்லது ஒளியிழைக் கம்பி இழுக்கவேண்டும். கேட் 6 கம்பி முழுச் செம்பாலானதா என்பதையும் பார்க்கவேண்டும். அலுமினியத்தின்மேல் செம்புப் பூச்சிட்ட கம்பி பாதி விலைக்குக் கிடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. நீண்ட ஓட்டத்தில் மின்னழுத்தம் விழுந்து, அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும் இரவு நேரத்தில் காமிரா அணைந்து அணைந்து எரியும். பகலில் ஒழுங்காக இயங்கி இரவில் மட்டும் கெடும் காமிராவைக் கண்டால் முதலில் கம்பியைச் சந்தேகியுங்கள். கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கம்பியில்லாக் காமிரா எளிதாயிற்றே என்பர். படமே கம்பியின்றி வருகிறது; மின்சாரத்திற்குக் கம்பி வேண்டியே இருக்கிறது. கட்டடத்தின் கான்கிரீட் சுவர்களுக்கிடையே அந்தப் படமும் அடிக்கடி அறுபடும்.

பதிவுக் கருவியின் கொள்ளளவுக்கு ஒரு சுலபமான வாய்பாடு உண்டு. வினாடிக்கு ஒரு மெகாபிட் வீதம் வரும் படம், ஒரு நாளில் 10.8 ஜிகாபைட் இடத்தைப் பிடிக்கும். இரண்டு மெகாபிக்சல் காமிரா, எச். 264 என்னும் சுருக்கு முறையில், நல்ல தரத்தில் நான்கு மெகாபிட் அளவு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். எட்டுக் காமிராக்களுக்கு முப்பது நாளைக்கு 10 டெராபைட்டுக்குச் சற்று மேல் வேண்டும். 2013-இல் வகுக்கப்பட்ட எச். 265 முறையில் அதே தரத்துக்கு ஏறத்தாழப் பாதி போதுமாதலால், 6 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஒன்று போதியதாகும். இரவும் பகலும் ஓயாமல் எழுதுவதற்கென்றே செய்யப்பட்ட டிஸ்க்கை வாங்குவது நலம்; கணிப்பொறிக்குரியது விரைவில் களைத்துவிடும்.

எத்தனை நாள் பதிவை வைத்திருப்பது? காவல் நிலையங்களின் காமிராப் பதிவுகளைப் பதினெட்டு மாதம் காக்கவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் கட்டளையிட்டது. குடியிருப்புக்கு அவ்வளவு வேண்டுவதில்லை. ஆனால் நம்மவர் கோடை விடுமுறைக்கு ஊர் சென்றால் திரும்ப ஒரு மாதமாகும். பூட்டிய வீட்டில் நடந்த களவு திரும்பி வந்தபின்தான் தெரியும். பதினைந்து நாளில் அழிந்துபோகும் பதிவால் அப்போது என்ன பயன்? ஆதலால் நாங்கள் நாற்பத்தைந்து நாளைக்குத் திட்டமிட்டு, 8 டெராபைட் டிஸ்க் ஒன்றை வைத்தோம்.

மின்வெட்டுக்கு யு.பி.எஸ். வேண்டும். எட்டுக் காமிராவும் பதிவுக் கருவியும் சுவிட்சும் சேர்ந்து எண்பது முதல் நூறு வாட் வரைதான் இழுக்கும். ஒரு நல்ல இன்வெர்ட்டர் மின்கலம் இரவு முழுவதும் தாங்கும். மின்தூக்கியையோ படிக்கட்டு விளக்கையோ அதே இன்வெர்ட்டரில் மாட்டக்கூடாது என்று மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவைக்க வேண்டும்.

காவலுக்கு வைத்ததே கள்வனுக்கு வாசலாகும் அபாயமும் உண்டு. 2016-ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய மென்பொருள், உலகெங்குமுள்ள காமிராக்களிலும் பதிவுக் கருவிகளிலும் லட்சக்கணக்கில் புகுந்தது. அது செய்த மாயம் ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டவர்களின் கருவிகளை, அறுபதுக்குச் சற்று மேற்பட்ட சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப்பார்த்துத் திறந்தது, அவ்வளவே. அக்கருவிகளையே படையாகத் திரட்டி, அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அமெரிக்காவில் பெரும் இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கும்படி செய்தனர். தம் வாயிலில் தொங்கும் காமிரா அப்படையில் ஒரு சிப்பாய் என்பது பலருக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே, பொருத்தியவர் புறப்படுமுன் கடவுச்சொல்லை மாற்றவேண்டும். மாற்றியதைக் குழுவில் இருவர் மட்டும் அறிந்திருக்கவேண்டும். காமிராக்களை வீட்டாரின் இணையத்தொடர்பில் கலக்காமல் தனி வலைப்பின்னலாக வைக்கவேண்டும். வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரௌட்டரில் வழி திறந்துவிடுவது, வீட்டின் பின்கதவைத் திறந்து வைப்பதை ஒக்கும், வி.பி.என். என்னும் பூட்டிய வழியே நல்லது. நம் நாட்டில் விற்கும் காமிராக்கள் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட்டுப் பதிவுபெறவேண்டும் என்ற அரசு விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. விலைப்புள்ளியில் அப்பதிவு எண்ணைக் குறிப்பிடக் கேளுங்கள். ஆன்விஃப் என்னும் பொதுநெறியைக் காமிரா தழுவுகிறதா என்றும் கேளுங்கள். 2008-இல் ஏற்பட்ட இந்நெறி, ஒரு நிறுவனத்தின் காமிராவை வேறொரு நிறுவனத்தின் பதிவுக் கருவி ஏற்க வழிசெய்கிறது. இல்லையெனில், ஒரு காமிரா கெட்டால் அதே கடைக்காரரிடம் அவர் சொன்ன விலைக்கே போய் நிற்கவேண்டும்.

கடிகாரத்துக்கு வருவோம். எங்கள் பழைய பதிவுக் கருவி இணையத்தோடு இணைக்கப்படாமல் தன் சிறு கடிகாரத்தையே நம்பி ஓடிற்று. நாளொன்றுக்கு நாலு வினாடி முந்துவது அத்தகைய கடிகாரங்களுக்குப் பெரிய குற்றமன்று. ஆனால் இரண்டாண்டில் அது ஏறத்தாழ நாற்பத்தொன்பது நிமிடமாகிறது. ஒருவரும் சரிபார்க்கவில்லை, ஏனெனில் படம் ஓடிக்கொண்டிருந்தது, படம் ஓடினால் எல்லாம் ஓடுவதாகவே எண்ணினோம். இப்போது பதிவுக் கருவி இணையத்தின் வழியே நேரத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. காமிராக்கள் பதிவுக் கருவியிடமிருந்து நேரம் பெறுகின்றன. இந்திய நேரத்திற்குரிய ஐந்தரை மணிக் கணக்கை அமைப்பில் சரியாகக் குறிக்கவேண்டும். ஐந்து என்று வைத்துவிட்டால் எந்நாளும் அரைமணி பிந்தியே இருக்கும்.

இந்த நேரமுத்திரை நீதிமன்றத்திலும் பேசும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவின்படி, பதிவின் நகலைச் சான்றாகத் தருவோர் குறிப்பிட்ட படிவத்தில் சான்றிதழ் இணைக்கவேண்டும். அதில் ஹேஷ் எண் ஒன்றும் குறிக்கப்படும். கோப்பின் கைரேகை போன்றது அது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ஏதேனும் நேர்ந்தால் முதற்காரியமாக, குறிப்பிட்ட நேரத்தின் பதிவைப் பதிவுக் கருவியின் சொந்த வடிவிலேயே நகலெடுத்து, கருவியின் நேரத்திற்கும் மெய்யான நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தாளில் எழுதி இருவர் கையொப்பமிட வேண்டும். திரையைக் கைப்பேசியால் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் பரப்புவது சான்றாகாது. நிரபராதி ஒருவரின் பெயரைக் கெடுக்க மட்டும் நன்கு பயன்படும். நாங்கள் அதையும் செய்தோம்.

பார்க்கக்கூடாத இடங்களும் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. ஒருவர் வீட்டுக் கதவு திறந்தால் உட்கூடம் தெரியும்படி மாடிப்படிக் காமிராவை வைக்கலாகாது. எதிர்க்கட்டடத்துச் சன்னல் காட்சியில் விழுமானால், அப்பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் நிரந்தரமாக மறைக்கும் வசதி எல்லா நல்ல காமிராக்களிலும் உண்டு. ஒலிப்பதிவை அணைத்துவிடுவதே முறை; படிக்கட்டில் இருவர் பேசுவது சங்கத்தின் சொத்தன்று. ஒரே வீட்டில் வாழும் சகோதரர்களில் ஒருவர் மற்றவரின் இசைவின்றி வீட்டின் உட்பகுதியில் காமிரா வைத்ததைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-இல் தடுத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

இதனோடு தொடர்புடைய ஒரு செய்தி நம்போன்றோருக்கு மிக நெருங்கியது. ஊரில் தனித்திருக்கும் தாய் தந்தையரின் வீட்டில் காமிரா வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் கட்டடத்து நண்பர் ஒருவர், மாயவரத்தில் தனியே வாழும் தம் தாயாரின் வீட்டுக் கூடத்தில் ஒரு காமிராவைப் பொருத்திவிட்டு வந்தார். அலுவலகத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று மகிழ்ந்தார். சில நாளில் மாலை ஆறு மணிக்குமேல் படம் இருண்டுபோகத் தொடங்கியது. கருவி பழுது என்றெண்ணி ஆள் அனுப்பினார். போனவர் பார்த்தது, காமிராவின்மேல் தொங்கிய ஒரு ஈரிழைத் துண்டு. "ஏம்ப்பா, என் வீட்டு ஊஞ்சல்லே கால் நீட்டிப் படுக்கக் கூசுதே" என்றாராம் அம்மையார். இப்போது அக்காமிரா கூடத்தில் இல்லை. தெருவாயிலில் ஒன்று, கொல்லைக் கதவில் ஒன்று, அவ்வளவே. எங்கே வைப்பதென்று தாயாரே கைகாட்டினார்.

ஊர் வீட்டுக்கு வைப்போர், காமிராவிலேயே நினைவட்டை இருக்கும்படி பார்க்கவேண்டும். இணையம் அறுந்தாலும் பதிவு நிற்காது. ரௌட்டருக்கும் சிறு மின்கலம் வைக்கவேண்டும். தொலைவிலிருந்து பார்க்கத் தெளிவு குறைந்த துணைப்படமே போதும். அதற்கு வினாடிக்கு அரை மெகாபிட் போதியது. ஆனால் நள்ளிரவில் மும்பையில் கைப்பேசி ஒலித்து, மாயவரத்தில் மதிலேறும் ஒருவனைக் காட்டினால் நாம் என்ன செய்யக்கூடும்? பக்கத்து வீட்டாரின் தொலைபேசி எண்ணும், அவர்களிடம் ஒரு மாற்றுச் சாவியும், உள்ளூர்க் காவல் நிலையத்தின் எண்ணும் முதலில் வேண்டும். காமிரா அதற்கு அடுத்ததே.

விலைப்புள்ளி வாங்கும்போது, வரைந்த படத்தை மூன்று ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் எந்த லென்ஸ், எந்த உயரம், மீட்டருக்கு எத்தனை புள்ளி என்று எழுதித் தரும்படி கேட்டோம். இருவர் திரும்பி வரவில்லை. மூன்றாமவர் இரண்டு நாள் கழித்து வந்து, இரவில் ஒரு காமிராவைக் கம்பில் கட்டிப் பிடித்து ஒவ்வோர் இடத்திலும் காட்டினார். அவருக்கே வேலையைக் கொடுத்தோம். பத்து என்று எண்ணியிருந்த காமிராக்கள் அவர் சொல்லால் எட்டாயின. பின்மதிலுக்கு மட்டும் இரண்டு. பொதுக்குழுவின் தீர்மானத்தை நோட்டில் எழுதி, இன்னின்ன இடத்தில் காமிரா உள்ளது என்ற பலகையை மராத்தி, இந்தி, ஆங்கிலம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வாயிலில் மாட்டினோம். பதிவை யார், எந்நாளில், எதன்பொருட்டுப் பார்த்தார் என்பதற்கு ஒரு பேரேடும் வைத்தோம்.

வாயிற்காவலருக்குச் சொல்லியனுப்பி, இரண்டு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். இடைக்காலச் சம்பளத்தைக் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் குழு உறுப்பினர் ஒருவர் கீழே வந்து, கைப்பேசி நேரத்தையும் பதிவுக் கருவியின் நேரத்தையும் ஒப்புநோக்கிப் பேரேட்டில் எழுதுகிறார். கீழே இரண்டாவது கையொப்பம் காவலருடையது. அது அவராகவே கேட்டுப் பெற்றது.